கழுத்தில் கட்டியா? கத்திக்கு முன் ஸ்கேன்!



கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டால் நம்மவர்கள் இரண்டு விதமாய் நடந்துகொள்வதைக் காண்கிறோம். ஒரு சாரார், "வலியில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சேலைத் தலைப்பாலும் சட்டைக் காலராலும் அதை மறைத்துக்கொண்டு வருஷங்களைக் கடத்துவார்கள். மறு சாரார், கண்ட மறுநாளே வைத்தியரிடம் சென்று, "எப்படியாவது அறுத்து எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சுவார்கள். முன்னவர் அசட்டையினால் காலத்தை இழக்கிறார்கள். பின்னவர் பயத்தினால், இழக்கத் தேவையில்லாத ஓர் அவயவத்தையே இழந்துபோகிறார்கள். தைராய்டு சுரப்பியில் வரும் கட்டியைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டுக்கும் நடுவே நிதானமான ஒரு வழி உண்டு. அவ்வழியின் முதற்படி, கழுத்தை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் மூலம் நன்றாய்ப் பார்த்துக்கொள்வதே.

லோதி ரோட்டைச் சுற்றிக் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு வைத்திய வசதி தூரத்தில் இல்லை. ஜோர் பாக் மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிலையமே எய்ம்ஸ். அதற்கு எதிரே சப்தர்ஜங் மருத்துவமனை. அரசாங்க ஊழியருக்கு 1954-ஆம் ஆண்டு முதல் டெல்லியில் நடைபெற்றுவரும் சி.ஜி.எச்.எஸ். திட்டமும் கைகொடுக்கிறது. ஆனாலும் வசதி அருகில் இருப்பது ஒன்று. அதை எப்போது, எதற்காக நாடவேண்டும் என்று அறிந்திருப்பது வேறொன்று. ஊரிலிருந்து வந்து, மொழியும் முழுதாய்க் கைவராத நிலையில், வைத்தியர் சொல்வது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையசைத்துவிட்டு வருகிற சகோதர சகோதரிகள் அநேகர். அவர்களை நினைத்தே இம்மாதம் இதை எழுதுகிறோம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், தொண்டைச் சங்குக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப்போல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி. வளர்ந்தவர்களிடத்தில் அதன் எடை ஏறக்குறைய 20 கிராம்தான். ஆயினும் இருதயத்தின் துடிப்பு, சரீரத்தின் சூடு, பிள்ளைகளின் வளர்ச்சி ஆகிய யாவும் அது சுரக்கும் ஹார்மோனைச் சார்ந்தவை. அதன் அண்டை வீட்டாரையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். சுரப்பியின் பின்பக்கமாய், வலத்திலும் இடத்திலும் ஒவ்வொன்றாக, குரல்நாண்களுக்குச் செல்லும் நரம்புகள் ஓடுகின்றன. அதே பின்பக்கத்தில் பருப்பளவே உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பது அவற்றின் வேலை. கழுத்தில் கத்தி வைப்பதென்றால் இவ்வளவு நெருக்கமான இடத்தில் வைப்பதாகும்.

கழுத்து வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல என்பதை முதலாவது மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரத்து மண்ணில் அயோடின் சத்துக் குறைவு. ஆகையால் வட இந்தியாவில் தலைமுறை தலைமுறையாய் முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. 1956-இல் தொடங்கி ஹிமாச்சலப் பிரதேசத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவரோடு உழைத்தவர்களும் நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று நிரூபித்தது. இவரே பிற்காலத்தில் எய்ம்ஸ் நிறுவனத்தின் இயக்குநரானார். 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்பதற்கென விற்கலாகாது என்ற தடை 2006 மே 17 முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. சத்துக்குறைவினால் வரும் வீக்கம் வேறு, சுரப்பிக்குள் தனித்து எழும் கட்டி வேறு, அக்கட்டியில் புற்றுநோய் இருப்பது வேறு.

அப்படியானால் கட்டிகளில் எத்தனை புற்றுநோயாகின்றன? அயோடின் குறைவில்லாத நாடுகளில், கையால் தொட்டுப் பார்க்கும்போது பெண்களில் 100 பேரில் சுமார் 5 பேருக்கும், ஆண்களில் 100 பேரில் ஒருவருக்கும் தைராய்டு கட்டி தட்டுப்படுகிறது. அதே ஜனங்களை நுட்பமான ஸ்கேன் கருவியால் பார்த்தால், 100-க்கு 19 முதல் 68 பேர் வரை ஏதோ ஒரு கட்டி காணப்படுகிறது! கட்டிகளில் புற்றுநோய் என்று முடிவாவது 100-க்கு 7 முதல் 15 வரை மட்டுமே. இவை அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில் எடுத்துக்காட்டப்பட்ட கணக்குகள். கட்டி சகஜம், புற்றுநோய் அரிது. அந்த அரிதானதைச் சகஜமானதிலிருந்து பிரித்தெடுப்பதே வைத்தியரின் முன்னுள்ள வேலை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களையவேண்டும். "டி.எஸ்.எச். பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டது, ஆகவே கட்டியில் ஒன்றுமில்லை" என்று பலர் தேறிக்கொள்கிறார்கள். அந்த இரத்தப் பரிசோதனை சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லுமேயல்லாமல், அதற்குள் இருக்கும் கட்டி நல்லதா கெட்டதா என்பதைச் சொல்லாது. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரத்த அளவுகள் சரியாகவே இருக்கும். பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதலில் செய்யவேண்டியதே. ஆனால் அதோடு நின்றுவிடலாகாது.

கட்டிக்குள் எட்டிப் பார்க்கும் கண்ணாக இருப்பது அல்ட்ராசவுண்டு. நம் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். கழுத்து ஸ்கேனில் வினாடிக்குச் சுமார் 70 லட்சம் முதல் 1.5 கோடி வரை அதிர்வுள்ள ஒலி உள்ளே அனுப்பப்பட்டு, அதன் எதிரொலி படமாக மாற்றப்படுகிறது. எக்ஸ்-ரேயில் உள்ளதுபோன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கழுத்தில் சிறிது ஜெல்லைத் தடவி, கருவியை மேலே நகர்த்துவார்கள். அவ்வளவே. உலோகங்களில் விரிசலைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் வைத்திருந்த கருவியைக் கண்டு, மனித சரீரத்தையும் அப்படிப் பார்க்கலாமே என்று எண்ணியவர் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயன் டொனால்ட். அவரும் உடனுழைத்தவர்களும் 1958-இல் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். 1967-இல் ஜப்பானில் ஃபுஜிமோட்டோ குழுவினர் தைராய்டு சுரப்பியையே இம்முறையில் ஆராய்ந்து எழுதினார்கள். இன்றைய கருவி 2 அல்லது 3 மில்லிமீட்டர் கட்டியையும் காட்டிவிடும்.

ஸ்கேன் என்றவுடனே கர்ப்பிணிகளுக்குரியது என்று எண்ணி ஆண்கள் சிலர் கூச்சப்படுகிறார்கள். சிசுவின் பாலினம் இங்கே கண்டறியப்படமாட்டாது என்ற பலகை ஒவ்வொரு நிலையத்திலும் தொங்குவது அந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. அது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைக்கப்படும் அறிவிப்பு. அதே நிலையத்தில் கழுத்தையும் பார்க்கிறார்கள். சகோதரர்களே, தைராய்டு கட்டி பெண்களுக்கே அதிகம் வருகிறது என்றாலும், ஆணுக்கு வரும் கட்டியை இலேசாய் எண்ணிவிடாதீர்கள்.

படத்தில் வைத்தியர் எவற்றைப் பார்க்கிறார்? ஐந்து காரியங்களை. கட்டி நீர் நிறைந்ததா, கெட்டியானதா? சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருத்துத் தோன்றுகிறதா? அகலத்தைவிட உயரம் மிகுந்து நிமிர்ந்து நிற்கிறதா? ஓரம் சீராக இருக்கிறதா, ஒழுங்கற்றுக் கிளைவிட்டு வெளியே பரவுகிறதா? உள்ளே மணல் தூவியதுபோன்ற சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா? கெட்டியாக, மிகக் கருத்து, நிமிர்ந்து, ஓரம் சிதைந்து, புள்ளிகளோடு இருக்குமானால் சந்தேகம் வலுக்கிறது. நீர்க்கட்டியாகவோ பஞ்சுபோன்ற சிறுசிறு அறைகளாகவோ இருந்தால் சந்தேகம் அற்றுப்போகிறது. இந்த ஐந்துக்கும் புள்ளிகள் இட்டுக் கூட்டி, கட்டியை 1 முதல் 5 வரை வகைப்படுத்தும் முறையை அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2017-இல் வெளியிட்டது. டை-ராட்ஸ் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பது இதுவே.

முதல் இரண்டு வகைகளுக்கு ஊசிப் பரிசோதனை தேவையில்லை. 3-ஆம் வகை 2.5 சென்டிமீட்டரும், 4-ஆம் வகை 1.5 சென்டிமீட்டரும், 5-ஆம் வகை 1 சென்டிமீட்டரும் எட்டினால் ஊசிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அம்முறை. ஆகவே அறிக்கையில் "கட்டி உண்டு" என்று மாத்திரம் எழுதியிருந்தால் அது போதாது. அளவும், இலட்சணங்களும், வகையும் எழுதப்பட்டிருக்கவேண்டும். ஸ்கேன் எடுப்பவரின் கைத்திறனைப் பொறுத்தே படத்தின் பயன் அமையும். எனவே தைராய்டு ஸ்கேனில் பழக்கமுள்ளவரிடம் செய்துகொள்வது நலம்.

ஆனால் ஸ்கேன் சந்தேகத்தைச் சொல்லுமேயன்றித் தீர்ப்பைச் சொல்லாது. அதற்கு அடுத்த படி, மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில அணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை. ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவதால், கெட்டியான, சந்தேகமான பாகத்திலிருந்தே அணுக்களை எடுக்க முடிகிறது. "ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்" என்ற பயத்தினால் சிலர் இதை மறுத்துவிடுகிறார்கள். தைராய்டில் இந்த மெல்லிய ஊசியினால் அப்படிப் பரவுவது மிகமிக அபூர்வம். பயந்து மறுப்பதனால் வரும் நஷ்டமோ பெரிது.

அந்த ஊசிப் பரிசோதனையின் முடிவை 6 வகையாக எழுதுகிறார்கள். அம்முறையின் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள்: பெதஸ்தா! அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துப் பெதஸ்தா என்ற ஊரில் 2007-இல் கூடிய நிபுணர்கள் வகுத்ததால் அப்பெயர் பெற்றது. அந்த ஊருக்கோ, அங்கிருந்த ஓர் ஆலயத்தின் பெயரால் பெதஸ்தா என்று பெயரிட்டார்கள். அந்த ஆலயத்தின் பெயர், நாம் யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கிற குளத்தின் பெயர். இம்முறையில் 1 என்றால் எடுத்த அணுக்கள் போதவில்லை, மறுபடி எடுக்கவேண்டும். 2 என்றால் தீங்கற்றது. 3-உம் 4-உம் நிச்சயமற்ற நடுநிலைகள். 5 என்றால் புற்றுநோய்ச் சந்தேகம் பலமாக உண்டு. 6 என்றால் புற்றுநோய். நடுநிலைகளில் ஃபாலிக்குலர் என்னும் ஒரு வகையை ஸ்கேனாலும் ஊசியாலும் நிச்சயிக்க முடியாது. கட்டியை எடுத்து, அதன் உறையை அணுக்கள் துளைத்திருக்கின்றனவா என்று பார்த்தபின்பே சொல்லமுடியும். ஆகையால் வைத்தியர், "எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று சொல்லும்போது, அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதேயுங்கள்.

இனி, அநேகர் கவனிக்காத முக்கியமான காரியத்துக்கு வருகிறோம். புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அப்பொழுது ஸ்கேனின் வேலை முடிந்துபோயிற்று என்று எண்ணுகிறோம். அப்படியல்ல! தைராய்டு புற்றுநோய்களில் அதிகமாய்க் காணப்படும் பாப்பிலரி வகை, கழுத்திலுள்ள நெறிகளுக்குப் பரவும் தன்மையுடையது. கையால் தடவினால் தெரியாத நெறிகளும் ஸ்கேனில் தெரியும். ஆகவேதான் புற்றுநோய் என்று அறிந்தும் பலமாய்ச் சந்தேகித்தும் அறுவை சிகிச்சை செய்யும் ஒவ்வொருவருக்கும், முன்னதாகவே கழுத்தின் நடுப்பகுதியையும் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து நெறிகளைப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டி சொல்லுகிறது. அப்படிப் பார்க்கும்போது 100 பேரில் 20 முதல் 31 பேருக்குச் சந்தேகமான நெறிகள் தென்படுகின்றன. 100-க்கு 20 பேர் வரை, செய்யவிருந்த அறுவை சிகிச்சையின் திட்டமே மாறக்கூடும்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கழுத்தின் பக்கவாட்டில் நோயுள்ள நெறி இருப்பது தெரியாமல் சுரப்பியை மாத்திரம் எடுத்துவிட்டால், சில மாதங்களிலோ வருஷங்களிலோ மறுபடியும் அதே கழுத்தைத் திறக்கவேண்டி வரும். ஒருமுறை ஆறிய தழும்புக்குள் நரம்பையும் பாராதைராய்டு சுரப்பிகளையும் தேடிக் காப்பது மிகக் கடினம். ஒரே தரத்தில் முழுவதும் செய்திருக்கக்கூடியதை இரண்டு தரம் செய்து, ஆபத்தை இரட்டிப்பாக்கிக்கொள்கிறோம். சுரப்பியின் மறுபாதியில் வேறு கட்டி உண்டா என்பதையும் அதே ஸ்கேன் சொல்லிவிடும். மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருப்பதையும் மூச்சுக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருப்பதையும் மட்டும் அது சரியாய்க் காட்டாது. அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

ஸ்கேன், குறைவாய் அறுப்பதிலிருந்து காப்பதுபோலவே அதிகமாய் அறுப்பதிலிருந்தும் காக்கவேண்டும். ஆனால் அதே ஸ்கேனைக் காரணமின்றிச் செய்தால் நேர்வது என்ன என்பதற்குத் தென் கொரியாவே சாட்சி. அங்கே 1999-இல் அரசாங்கம் வேறு சில புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதோடு சேர்த்து, சிறிது பணம் கொடுத்தால் தைராய்டு ஸ்கேனும் செய்துகொள்ளலாம் என்ற வழக்கம் பரவிற்று. 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோர் விகிதம் 15 மடங்காய்ப் பெருகியது. ஆனால் அந்நோயால் மரிப்போர் விகிதம் மாறவில்லை! அப்படியானால் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒருநாளும் தீங்கு செய்யாத சிறு கட்டிகள். ஆயினும் ஏறக்குறைய எல்லாருக்குமே அறுவை சிகிச்சை நடந்தது. பலர் ஆயுசு முழுவதும் மாத்திரை உண்ண வேண்டியவர்களானார்கள். 2014-இல் வைத்தியர் சிலரே இதற்கு எதிராய்க் குரல் கொடுத்தபின்பு, ஓராண்டுக்குள் அந்த அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன.

ஜப்பானில் கோபே நகரத்துக் கூமா மருத்துவமனையில் டாக்டர் மியாவுச்சி வேறொரு வழியைக் காண்பித்தார். 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்தான இலட்சணம் இல்லாத பாப்பிலரி புற்றுநோய்களை அறுக்காமல், காலந்தோறும் ஸ்கேன் செய்து கண்காணிக்கும் முறையை 1993-இல் தொடங்கினார். 2014-இல் வெளியான அவர்களது கணக்கின்படி, அவ்விதம் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில், 10 வருஷங்களில் கட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தது 100-க்கு 8 பேருக்கே. பிற்பாடு வளர்ந்தவர்களுக்கு அப்பொழுது அறுவை சிகிச்சை செய்தார்கள், அவர்களும் நலமாயிருந்தார்கள். இது எல்லாருக்கும் பொருந்தும் முறையல்ல. தவறாமல் ஸ்கேனுக்கு வரக்கூடியவர்களுக்கு, தேர்ந்த வைத்தியரின் மேற்பார்வையில் மாத்திரமே பொருந்தும். ஆகையால் பெரிய பரிசோதனைக் கூடங்கள் "முழு உடல் பரிசோதனை" என்று விளம்பரம் செய்யும்போது, கட்டியோ அறிகுறியோ இல்லாதவர்கள் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2017-இல் இதையே சொல்லிற்று.

யார் தாமதிக்கலாகாது? கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்படுகிறவர்கள். அது வேகமாய் வளரக் காண்கிறவர்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிப்போனவர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுகிறவர்கள். பக்கக் கழுத்தில் நெறி கட்டி வற்றாமல் இருப்பவர்கள். சிறுபிராயத்தில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள். இவர்கள் "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மே மாத விடுமுறைவரை தள்ளிப்போட வேண்டாம். ஜெபித்துவிட்டே செல்லுங்கள், ஆனால் செல்லுங்கள். பரிசோதனை செய்துகொள்வது அவிசுவாசமாகாது.

அறுவை சிகிச்சை என்று வைத்தியர் சொல்லிவிட்டால், சம்மதக் கையெழுத்துக்கு முன்பு ஐந்து கேள்விகளைத் தாழ்மையோடு கேளுங்கள். முதலாவது, என் கட்டி எந்த டை-ராட்ஸ் வகை, எவ்வளவு பெரிது? இரண்டாவது, ஊசிப் பரிசோதனையில் பெதஸ்தா எண் என்ன? மூன்றாவது, கழுத்தின் இரு பக்க நெறிகளையும் பார்த்து அறிக்கையில் எழுதியிருக்கிறார்களா? நான்காவது, சுரப்பியில் பாதியை எடுத்தால் போதுமா, முழுவதும் எடுக்கவேண்டுமா? சிறியதாய், ஒரு பக்கத்திலேயே அடங்கியிருந்தால் பாதியே போதுமானதாயிருக்கக்கூடும். பாதி மிஞ்சினால் பலருக்கு வாழ்நாள் மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். ஐந்தாவது, குரல்நாண்களை முன்னதாகப் பரிசோதிப்பீர்களா? ஏற்கெனவே குரல் மாறியிருப்பவர்களுக்கு இது அவசியம். சபையில் பாடல் நடத்துகிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், தெருவில் கூவி வியாபாரம் செய்கிறவர்கள் ஆகியோர், குரலே தங்கள் பிழைப்பும் ஊழியமும் என்பதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டுக்குப் போகத் தீர்மானிப்பவர்களுக்கு இன்னும் ஒரு சொல். அறிக்கைத் தாளை மாத்திரம் எடுத்துச் செல்லாதேயுங்கள். ஸ்கேன் படங்களையும், ஊசிப் பரிசோதனையில் அணுக்களைத் தடவி வைத்த கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள நிபுணர் அவற்றை மறுபடி பார்க்கமுடியும். மறுபடி ஊசி குத்துவதும் மிச்சமாகலாம். ஆனால் அங்கே அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர் கழுத்தை மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னால் வீண்செலவு என்று முறுமுறுக்க வேண்டாம். தாம் கத்தி வைக்கப்போகும் இடத்தின் வரைபடத்தை அவர் தாமே பார்த்துக்கொள்ள விரும்புகிறார். அது உங்களுக்கே நன்மை.

பிரியமானவர்களே, தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் தக்க சிகிச்சையினால் நீண்ட நாள் நலமாய் வாழ்கிறார்கள். ஆகவே பயத்துக்கு இடங்கொடாதிருங்கள். உங்கள் வீட்டிலோ, அடுத்த பிளாக்கிலோ, சபையிலோ கழுத்தில் கட்டியோடு ஒருவர் இருப்பாரானால், இந்த இதழை அவர் கையில் கொடுத்து, வரும் வாரத்திலேயே ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஹிந்தி தெரிந்த ஒருவர் உடன் செல்வது பெரிய உதவி. பார்த்து அறியாமல் கத்தி வேண்டாம். பார்த்து அறிந்தபின் தாமதம் வேண்டாம்.